மெடிக்கல் எப்போது எடுக்க வேண்டும்? ஆஸ்திரேலிய உள்துறைக்குச் சென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

சென்னையில் ஆஸ்திரேலியாவின் 189, 190, 491 எண் திறன் குடியேற்ற விசாக்களுக்கான கோப்புகளைத் தயாரிப்பவர்களும் சரிபார்ப்பவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். ஆங்கிலப் படி தனியே உங்களுக்கு வருகிறது. வரிசையில் நிற்பவர்களோடு அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் வெளியிடுகிறோம்.

விசா யாருக்கு, எத்தனை பேருக்கு என்பதை முடிவு செய்வது உங்கள் நாட்டின் உரிமை. அதில் எங்களுக்கு வாதம் இல்லை. காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கிறோம். ஆனால் கோப்பு உங்களிடம் கிடக்கும் காலத்தில் அதற்குள் இருக்கும் காகிதங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. அவற்றைத் திரும்ப வாங்கும் செலவும் அலைச்சலும் லீவும் முழுக்க விண்ணப்பித்தவர் தலையில் விழுகின்றன. தாமதம் உங்கள் பக்கம், அபராதம் எங்கள் பக்கம். இதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

வரிசை ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற அழைப்புக்கான வரிசை. உங்கள் ஸ்கில்செலக்ட் இணையத்தளத்தில் இஓஐ எனும் விருப்பப் பதிவைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இதில் நிற்கிறார்கள். அந்த இஓஐக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. ஆங்கிலத் தேர்வு, ஐஇஎல்டிஎஸ் ஆனாலும் பிடிஇ ஆனாலும், அழைப்பு வரும் நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். ஏசிஎஸ், எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா, வெட்டாசெஸ் போன்ற அமைப்புகள் தரும் திறன் மதிப்பீட்டுக்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். அழைப்பு பாயின்ட் கணக்கில் வருகிறது: வயதுக்கான பாயின்ட் 25 முதல் 32 வரை 30, 33 பிறந்ததும் 25, 40 ஆனதும் 15. 45 வயதானவருக்கு அழைப்பே கிடையாது.

விதி இதுதான் என்று தெரிந்துதான் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் 189இல் 2024 நவம்பர் சுற்றுக்குப் பிறகு அடுத்த சுற்று 2025 ஆகஸ்ட்டில்தான் நடந்தது. நடுவில் ஒன்பது மாதம். அடுத்தது எப்போது என்று சொல்லும் கால அட்டவணை எதுவும் விண்ணப்பதாரர் கையில் இல்லை. அந்த ஒன்பது மாதத்துக்குள் 33 வயதானவர் 5 பாயின்ட் இழந்தார், 40 ஆனவர் 10 இழந்தார். பிறந்தநாள் அன்று இஓஐ தானாகவே பாயின்ட்டைக் குறைத்துக்கொள்ளும். ஒரே பாயின்ட்டில் இருப்பவர்களுக்குள் யார் முன், யார் பின் என்று தீர்மானிக்கும் தேதியும் அதோடு மாறும். இழந்ததை மீட்க மறுபடி பிடிஇ எழுதி, ஆங்கிலத்துக்கான 10 பாயின்ட்டை 20 ஆக்கப் பார்க்கிறார்கள். வேலைநாளில் லீவு போட்டு மூன்றாம் முறை, நான்காம் முறை எழுதுபவர்கள் பலர். சுற்றுத் தேதி முன்பே தெரிந்திருந்தால் இவர்களில் பாதிப்பேர் வேறு மாதிரி திட்டமிட்டிருப்பார்கள்.

அழைப்பு வந்ததும் 60 நாளுக்குள் விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். 2025 ஜூலை முதல் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும் 4,910 ஆஸ்திரேலிய டாலர். நம் பணத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனி. பொறுமை இழந்து பின்வாங்கினால் பொதுவாக இந்தப் பணம் திரும்பாது. கட்டிய நாளிலிருந்து இரண்டாம் வரிசை தொடங்குகிறது. எங்கள் மனக்குறை பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றியதுதான்.

இந்த வரிசையில் முன்னால் வந்தவருக்கு முன்னுரிமை கிடையாது. உங்கள் 1958ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, விண்ணப்பங்களை எந்த வரிசையில் எடுப்பது என்பதை அமைச்சரிடம் விட்டிருக்கிறது. பின்னால் வந்த கோப்பு முடிந்து முன்னால் வந்தது கிடந்தாலும், அதை மட்டும் வைத்து நியாயமற்ற தாமதம் என்று சொல்ல முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 499ஆம் பிரிவின்படி, எந்த வகைக் கோப்புக்கு எந்த முன்னுரிமைப் படி என்று அமைச்சர் கட்டளை பிறப்பிக்கிறார். 2022 அக்டோபர் 28இல் வந்த 100ஆம் எண் கட்டளையில் மருத்துவம், ஆசிரியர் தொழில்கள் முதல் படியில் இருந்தன. சென்னையிலிருந்து போகும் மென்பொருள் பொறியாளரின் 189 கோப்பு நான்காம் படியில் இருந்தது. 2024 பிப்ரவரி 14இல் 105ஆம் எண் கட்டளை வந்தபோது அதே கோப்பு ஐந்தாம் படிக்கு இறங்கியது. நர்ஸுக்கும் ஆசிரியருக்கும் முதலிடம் தருவதை நாங்கள் எதிர்க்கவில்லை, அவர்கள் தேவை அவசரமானது. ஆனால் இரண்டு கட்டளைகளும் ஏற்கெனவே பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கும் பொருந்தின. எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துப் பணம் கட்டியவர், பிறகு வேறு படியில் நின்றார்.

படி இறங்கியதோடு இடமும் சுருங்கியது. 2023-24 திட்ட ஆண்டில் 189க்கு 30,375 இடங்கள் இருந்தன, 2024-25இல் 16,900. கிட்டத்தட்டப் பாதி. முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பித்து முடிவு வராதவர்களும் இந்த 16,900க்குள்தான் அடங்க வேண்டியிருந்தது.

அடுத்து, உங்கள் தளத்தில் உள்ள காத்திருப்புக் காலப் பக்கம். 50 விழுக்காடு இத்தனை மாதத்தில், 90 விழுக்காடு இத்தனை மாதத்தில் என்று அது சொல்கிறது. அண்மையில் முடிவு செய்யப்பட்ட கோப்புகளை வைத்து அந்த எண் எடுக்கப்படுகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்குக்காக, ஒரு மாதத்தில் 100 கோப்புகள் முடிந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 90 முன்னுரிமைத் தொழில்கள், நான்கே மாதத்தில் முடிந்தவை. பக்கத்தில் 90 விழுக்காடு நான்கு மாதம் என்று வரும். இரண்டு ஆண்டாகக் கிடக்கும் சிவில் எஞ்சினியரின் கோப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை, ஏனென்றால் அது இன்னும் முடியவில்லை. முடிந்த பிறகுதான் அது எண்ணிக்கைக்குள் வரும். இதனால் இன்னொரு குழப்பமும் உண்டு. அதிகாரிகள் பழைய கோப்புகளை எடுத்து முடிக்கத் தொடங்கும் மாதத்தில் அந்த எண் கூடுகிறது. நல்ல செய்தி கெட்ட செய்தியாகத் தெரிகிறது. குறைந்த எண்ணைப் பார்த்துக் கன்சல்டன்சிகள் 'ஆறு மாதத்தில் பிஆர்' என்று விளம்பரம் போடுகின்றன. அதை நம்பிப் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கையைத் தள்ளிப்போடுகிறார்கள், ஊருக்குத் திரும்பவிருந்த தம்பியை வீட்டைப் பார்த்துக்கொள்ள அமர்த்துகிறார்கள்.

இப்போது கோப்புக்குள் வருவோம். எங்களிடம் அதிகம் வரும் அமைப்பு இது: கணவன், மனைவி, நான்கு வயதுக் குழந்தை. கணவருக்கு சோழிங்கநல்லூரில் வேலை, அதற்கு முன் இரண்டு ஆண்டு சிங்கப்பூரில். கடந்த பத்தாண்டில் ஒரு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்று வேண்டும். எனவே பிசிசி எனும் இந்தியக் காவல்துறைச் சான்று இருவருக்கும், சிங்கப்பூர்ச் சான்று கணவருக்கு. இந்திய பிசிசிக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் பதிந்து, ஆளுக்கு 500 ரூபாய் கட்டி, சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் என்று எங்கே ஸ்லாட் கிடைக்கிறதோ அங்கே போக வேண்டும். இப்போது குடியிருக்கும் முகவரியும் பாஸ்போர்ட் முகவரியும் வேறாக இருந்தால் ஸ்டேஷன் விசாரணை முடிந்த பிறகே சான்று வரும். சிங்கப்பூர்ச் சான்றுக்குக் கைரேகை எடுத்து அனுப்ப வேண்டும். மெடிக்கலுக்கு ஹேப் ஐடி எனும் பரிசோதனை எண் எடுத்து, நீங்கள் ஒப்புதல் தந்த சில கிளினிக்குகளில் மட்டுமே போக முடியும். பெரியவர்களுக்கு 501 பொதுப் பரிசோதனை, 502 நெஞ்சு எக்ஸ்ரே, 707 எச்ஐவி. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்குக் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு.

பிசிசியும் மெடிக்கலும் 12 மாதத்துக்குத்தான் செல்லும். கோப்பை முழுமையாக, முடிவெடுக்கத் தயாரான நிலையில் அனுப்புங்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தச் சொல்லை மதித்து இந்தக் குடும்பம் பிப்ரவரியில் எல்லாவற்றையும் எடுத்து ஏற்றிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கேஸ் ஆபீசர் கோப்பை டிசம்பரில் திறந்து கிராண்ட், அதாவது விசா அனுமதி, கொடுத்தால் என்ன ஆகும்? முதல் நுழைவுத் தேதி பொதுவாக மெடிக்கல், பிசிசி இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து 12 மாதம் என்று கணக்கிடப்படுகிறது. ஆக, அடுத்த பிப்ரவரிக்குள் மூவரும் ஆஸ்திரேலிய மண்ணில் கால் வைக்க வேண்டும். கையில் இரண்டே மாதம். இங்கே ஐடி நிறுவனங்களில் நோட்டீஸ் காலமே 90 நாள். குழந்தையின் பள்ளி ஆண்டு ஏப்ரலில் முடியும். டிக்கெட் வாங்கி ஒரு வாரம் போய்த் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி ஆறு மாதம் கழித்துக் குடிபெயர்பவர்கள் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். மூன்று பேருக்கு இரண்டு முறை விமானச் செலவு. பத்து மாதம் கோப்பு கிடந்தது வரிசையில், கழிக்கப்பட்டது இவர்கள் கையிருப்பிலிருந்து.

அதிகாரி ஏப்ரலில் திறந்தால் இன்னொரு மாதிரி. பிசிசியும் மெடிக்கலும் தீர்ந்திருக்கும். புதிதாகக் கேட்டு ஒரு கடிதம் வரும், வழக்கமாக 28 நாள் அவகாசம். சில கோப்புகளில் பழைய மெடிக்கலை நீட்டித்து ஏற்றுக்கொள்கிறார்கள், சிலவற்றில் இல்லை. இந்திய பிசிசி 28 நாளில் பெரும்பாலும் வந்துவிடும். சிங்கப்பூர்ச் சான்றோ அமெரிக்க எஃப்பிஐ சான்றோ கைரேகை தெளிவில்லை என்று ஒரு முறை திரும்பினால் 28 நாள் போதாது. அவகாசம் நீட்டிக்கக் கேட்கலாம், கிடைப்பது அதிகாரியின் முடிவு.

அந்த நேரத்தில் மனைவி கருவுற்றிருந்தால் எக்ஸ்ரே பிரசவம் வரை தள்ளிப்போகும். அது சரியான மருத்துவ முடிவுதான். ஆனால் ஒருவருடைய மெடிக்கல் நின்றால் குடும்பத்தின் மொத்தக் கோப்பும் நிற்கும். குழந்தை பிறந்ததும் மாநகராட்சியில் பிறப்புச் சான்றிதழ், பிறகு பாஸ்போர்ட், பிறகு மாற்றங்களை அறிவிக்கும் 1022 படிவத்தில் தகவல், பிறகு குழந்தைக்கும் மெடிக்கல். இதெல்லாம் முடிவதற்குள் கணவரின் இரண்டாவது பிசிசி வயதாகிவிடும், மூன்றாவது வாங்க வேண்டும். மூத்த குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு ஐந்தே ஆண்டு ஆயுள் என்பதால் அதுவும் இடையில் புதுப்பிக்க வேண்டி வரும். பெரியவர்களில் ஒருவர் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் சிக்கல் இன்னும் கூடும். பிசிசியில் பாஸ்போர்ட் எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் மாறியதும் பழைய பிசிசியும் புதிய பாஸ்போர்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். மாற்றத்தை உங்கள் இணைய விண்ணப்பக் கணக்கான இம்மிஅக்கவுண்டில் அறிவித்து, பழைய பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் சேர்த்து ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த கோப்புகள் உண்டு.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒன்று, இனிஷியல். மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திகேயன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக, கிவன் நேம் கட்டத்தில் 'கார்த்திகேயன் சுப்ரமணியன்' என்று இருக்கும். சம்பளச் சீட்டில் 'கார்த்திகேயன் எஸ்'. உங்கள் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் பெயர் முழுதும் அங்கே ஏறும். சிங்கப்பூர் ஆவணத்தில் வேறு வரிசை. ஐந்து ஆவணங்களில் நான்கு வடிவம், எல்லாம் ஒரே ஆள். முதல் முறை நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிச் சரிசெய்துவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு முறை காகிதத்தைப் புதிதாக வாங்கும்போதும் இந்தப் பிழை மீண்டும் நுழைய ஒரு வாய்ப்பு. கிளினிக்கில் பதிவு செய்பவர் கட்டத்தை மாற்றித் தட்டினால் போதும், மெடிக்கல் முடிவு கோப்போடு சேராது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகும்.

நாள் ஆக ஆக, காலாவதித் தேதி இல்லாத காகிதமும் பலம் இழக்கிறது. வேலை அனுபவத்துக்கு என்னென்ன பணிகள் செய்தார் என்று விவரிக்கும் கடிதம் கேட்கிறீர்கள். இங்கே பல நிறுவனங்களின் எச்ஆர் பதவியையும் தேதியையும் மட்டும்தான் எழுதித் தருவார்கள். எனவே கூட வேலை பார்த்த சீனியர் ஒருவர் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்துடன் தருகிறார். ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், வங்கிக் கணக்கு எல்லாம் சம்பளம் வந்ததை நிரூபிக்கும், செய்த வேலையை நிரூபிக்காது. விண்ணப்பித்த மூன்றாம் மாதத்தில் அந்த சீனியருக்குப் போன் செய்திருந்தால் எடுத்திருப்பார். இரண்டு ஆண்டு கழித்துச் செய்தால் அவர் நிறுவனம் மாறியிருப்பார், அலுவலக மின்னஞ்சல் செத்திருக்கும், நிறுவனமே வேறொன்றோடு இணைந்திருக்கும். சரிபார்க்க முடியவில்லை என்ற குறிப்பு விண்ணப்பதாரருக்கு எதிராக விழுகிறது.

இதற்கெல்லாம் ஆள் போதவில்லை என்று சொன்னால், அதையும் தீர்க்க முடியும் என்று உங்கள் அரசே காட்டியிருக்கிறது. 2022 செப்டம்பரில் வேலைவாய்ப்பு மாநாட்டில் 3.61 கோடி டாலர் ஒதுக்கி, ஒன்பது மாதத்துக்கு 500 பேரை விசாப் பணிக்குச் சேர்ப்பதாக அறிவித்தீர்கள். தேங்கிய கோப்புகள் குறைந்தன.

வேறொரு வழியில் தேக்கத்தைக் குறைத்ததும் வரலாற்றில் உண்டு. 2010 பிப்ரவரியில், 2007 செப்டம்பர் 1க்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த பொதுத் திறன் விண்ணப்பங்களை முடித்துவைத்துப் பணத்தைத் திருப்பித் தருவதாக அப்போதைய அமைச்சர் அறிவித்தார். ஏறக்குறைய 20,000 பேர் அதில் அடங்கினர். சட்டத்தின் 39ஆம் பிரிவில் அந்த வழி இன்றும் இருக்கிறது: உச்சவரம்பு எட்டிவிட்டால் மிச்ச விண்ணப்பங்கள் போடப்படவே இல்லை என்று கருதப்படும். 2012இல் கனடா ஏறக்குறைய 2,80,000 பேர் அடங்கிய பழைய திறன் விண்ணப்பங்களைச் சட்டம் போட்டே முடித்தது. வரிசையில் நிற்பவர்கள் இவற்றை மறக்கவில்லை. கட்டணம் திரும்பினாலும், கடந்துபோன வயதை யாரும் திருப்பித் தர முடியாது.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. மெடிக்கலையும் பிசிசியையும் கோப்பை முடிவுக்கு எடுக்கும்போது மட்டும் கேளுங்கள். அதுவரை அவை இல்லாத கோப்பை அரைகுறைக் கோப்பாகக் கருத மாட்டோம் என்று இம்மிஅக்கவுண்டிலேயே தெளிவாக எழுதுங்கள். முன்பே எடுத்துவிட்டவர்களுக்கு, உடல்நிலையில் மாற்றம் இல்லாதபட்சத்தில், மெடிக்கலை இன்னொரு 12 மாதம் நீட்டிப்பதைப் பொது விதியாக்குங்கள். வேறு நாட்டுக் காவல்துறைச் சான்று கேட்கும் கடிதங்களில் 28 நாளுக்குப் பதில் 70 நாள் தாருங்கள். முதல் நுழைவுத் தேதியைக் கிராண்ட் தேதியிலிருந்து 12 மாதமாகக் கணக்கிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் வீண் பயணங்கள் நின்றுவிடும்.

காத்திருப்புக் காலப் பக்கத்தில் முடிந்த கோப்புகளோடு முடியாதவற்றையும் காட்டுங்கள்: எந்த மாதம் போட்ட கோப்புகளில், எந்த முன்னுரிமைப் படியில், எத்தனை பாக்கி என்று. யாருடைய தனித் தகவலும் இதில் வெளியாகாது. புதிய கட்டளை வந்தால் அதற்குப் பின் போடும் விண்ணப்பங்களுக்கு மட்டும் பொருந்தட்டும். அது இயலாது என்றால், 18 மாதம் கடந்த கோப்பு எந்தப் படியில் இருந்தாலும் ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்படும் என்று உறுதி தாருங்கள். பணம் கட்டி 12 மாதம் கடந்த எந்த விண்ணப்பத்தின் மீதும் 39ஆம் பிரிவைப் பயன்படுத்த மாட்டோம் என்பதை அமைச்சர் எழுத்தில் சொல்லட்டும்.

189 அழைப்புச் சுற்றுகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நடத்தி, அவற்றின் தேதிகளை ஜூலையிலேயே வெளியிடுங்கள். இனிஷியல் உள்ள தமிழ்ப் பெயர்களை எந்தக் கட்டத்தில் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு தயாரித்து, ஒப்புதல் பெற்ற கிளினிக்குகளுக்கும் அனுப்புங்கள்.

உங்கள் அடுத்த திட்ட ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். அதற்கு முன், இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். பதில் எப்படி இருந்தாலும் அதைத் தமிழாக்கி, வரிசையில் நிற்பவர்களிடம் அப்படியே சேர்ப்போம்.

சென்னை